அற்புதமும் கூலியும்

ஒரு நூலுக்கு ஆசிரியர் சூட்டும் பெயர், நூலினுள்ளே அவர் சொல்லத் தயங்கியதையும் சில வேளைகளிற் சொல்லிவிடுகிறது. அமெரிக்கப் பத்திரிகையாளரான ஜேசன் ஷ்ரையர் கணினி விளையாட்டுத் தயாரிப்பைப் பற்றி 2017 இல் வெளியிட்ட நூலின் பெயர் 'பிளட், சுவெட் அன்ட் பிக்சல்ஸ்'. இரத்தம், வியர்வை, அவற்றோடு திரையில் உருவத்தை ஆக்கும் ஒளிப்புள்ளிகள். பத்து அத்தியாயங்களில் பத்து விளையாட்டுக்களின் பிறப்பு வரலாறு கூறப்படுகிறது. துணைத்தலைப்பில் வெற்றி முழக்கம் கேட்கிறது. இரத்தமும் வியர்வையும் யாருடையவை, வெற்றி யாருடையது என்ற வினாவை நூல் எழுப்புகிறதா என்பதையே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

எமது வாசகரிற் பலர் ஆசிரியர்கள். தம் மாணவர் மாலை வேளைகளில் இவ்விளையாட்டுக்களில் மூழ்கிக் கிடப்பதை அவர்கள் அறிவர். அதனைக் காலவிரயம் என்று கடிந்துகொள்வதோடு எமது சிந்தனை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினோம். திரையில் ஒரு குதிரை ஓடுகிறதென்றால் அதன் உடலை ஒருவர் வரைந்திருக்கிறார், நடையை இன்னொருவர் அமைத்திருக்கிறார், குளம்பொலியை வேறொருவர் சேர்த்திருக்கிறார். அக்குதிரை மதிலுக்குள் புகுந்து மறைந்துவிடுகிறதா என்று அதே மதிலில் நூறு தடவை மோதிப் பார்த்தவரும் ஒருவர் இருக்கிறார். இக்கடைசி மனிதருக்குப் பரிசோதகர் என்று பெயர். சம்பளப் பட்டியலில் அவருக்கு அடிவரிசையிலேயே இடம். பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். அவரிடம் பின்னர் வருவோம்.

ஷ்ரையரின் முகவுரை ஒரு வியப்பிலிருந்து தொடங்குகிறது. எந்த விளையாட்டாயினும் அது செய்து முடிக்கப்படுவதே ஓர் அற்புதம் என்ற எண்ணம் அது. நூல் முழுவதையும் தாங்கி நிற்பதும் இதுவே. இவ்விடத்திலேயே எமக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை பிறக்கிறது. அற்புதம் என்பது காரணம் தெரியாத காரியத்துக்கு இடும் பெயர். இங்கோ காரணம் நன்கு தெரிகிறது. ஷ்ரையரே அதனைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்.

வெளியீட்டுக் கம்பனி பணம் தருகிறது. குறித்த ஒரு கட்டம் முடிந்தாலே அடுத்த தவணை கைக்கு வரும். வெளியீட்டுத் திகதியைப் பங்குதாரருக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஆனால் விளையாட்டு சுவையுடையதா என்பது பெரும்பகுதியைச் செய்து பார்த்த பின்னரே தெரியவரும். சுவையில்லையெனின் மாதக் கணக்கில் செய்ததை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். வேலை வளர்கிறது, திகதி அசைவதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை ஊழியரின் இரவுகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் நிரப்புகின்றன. அத்தொழிலில் இதற்குக் 'கிரன்ச்' என்று பெயர். நெருக்கிப் பிழிதல் என்று நாம் கூறலாம். மாதச் சம்பளம் பெறும் இத்தகைய ஊழியரிற் பலருக்கு அமெரிக்கச் சட்டத்தின்படி மேலதிக நேரக் கொடுப்பனவு கிடையாது. ஆதலின் இந்த இரவுகள் முதலாளிக்கு இலவசம். அற்புதத்தின் இரகசியம் இவ்வளவே.

2004 இல் இத்தொழிலாளர் ஒருவரின் துணைவி பெயர் குறியாது எழுதிய மடலொன்று பரபரப்பை உண்டாக்கியது. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கம்பனியில் அவருடைய துணைவர் காலை ஒன்பது மணி முதல் இரவு பத்து மணி வரை, வாரத்தின் ஏழு நாட்களும் வேலைக்கு வரவேண்டியிருந்ததை அம்மடல் கூறிற்று. எப்போதாவது ஒரு சனிக்கிழமை மாலை ஓய்வு. அக்காலத்தில் அக்கம்பனிக்கெதிராகத் தொடரப்பட்ட வழக்குகள் இணக்கத்தில் முடிந்தபோது 2005 இல் ஓவியர்களுக்கென 1 கோடி 56 இலட்சம் டொலரும் 2006 இல் நிரலாளர்களுக்கென 1 கோடி 49 இலட்சம் டொலரும் வழங்க அது உடன்பட்டது. வேலைத்தலத்தின் உண்மையை முதலில் ஊரறியச் சொன்னவர் வீட்டிலிருந்தவர் என்பதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும்.

ஏனெனில் ஷ்ரையரின் நூலில் மிகவும் போற்றப்படும் அத்தியாயத்திலும் இதே வீட்டு மனிதரைச் சந்திக்கிறோம். எரிக் பரோன் என்ற இளைஞர் 'ஸ்டார்டியூ வலி' என்னும் விளையாட்டை நாலரை ஆண்டுகளுக்கு மேல் தனியொருவராகச் செய்தார். சித்திரம், இசை, நிரல், கதை எல்லாம் அவருடையவை. 2016 இல் அது வெளிவந்து பெரும் செல்வத்தை ஈட்டியது. அலுவலக வாழ்வில் சலித்த ஒருவர் பாட்டனாரின் பண்ணைக்குத் திரும்பி மண்ணைக் கொத்துவது அவ்விளையாட்டின் கதை. அந்நியமாகிப்போன உழைப்பிலிருந்து தப்பியோடும் இக்கனவை இலட்சக்கணக்கானோர் விலைகொடுத்து வாங்கினர் என்பதே தனிக் கட்டுரைக்குரிய பொருள். எமது கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அந்த ஆண்டுகளில் பரோன் அரங்கொன்றில் சில மணி நேரம் வேலை பார்த்தார். குடும்பத்தைப் பெரும்பாலும் தாங்கியது அவருடைய துணைவியின் சம்பளம். ஷ்ரையர் இதனை மறைக்கவில்லை. நேர்மையாகப் பதிவுசெய்கிறார். ஆனால் பதிவுசெய்தபின் தனிமனித விடாமுயற்சியின் கதைக்கே திரும்பிவிடுகிறார். தனியொருவர் செய்தது என்ற கூற்று அவருடைய கண்முன்னேயே பொய்யாகிறது. அதை அவர் எழுதுகிறார், காணவில்லை.

இன்னோர் அத்தியாயம் போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் கம்பனியின் வெற்றியைக் கூறுவது. அதன் பிற்பகுதியை வரலாறு எழுதியது. கட்டாய மேலதிக வேலை இராது என்று 2019 இல் பேசிய அக்கம்பனி, 2020 செப்டெம்பரில் ஆறு நாள் வேலை வாரத்தை விதித்தது. இத்தனை பிழிந்தும் அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்த 'சைபர்பங்க் 2077' பழுதுகள் நிறைந்திருந்தது. சோனி அதனைத் தன் விற்பனையிலிருந்தே சில மாதங்கள் அகற்றிவைத்தது. களைத்த கை நல்ல வேலை செய்யாது என்பதை அறிய எந்தக் கம்பித் தொழிலாளியிடமோ தையற்காரரிடமோ கேட்டிருக்கலாம்.

2021 இல் வந்த 'பிரெஸ் ரீசெற்' என்னும் இரண்டாம் நூலில் ஷ்ரையர் வளர்ந்திருக்கிறார். இதிலே விளையாட்டுக்கள் பின்னால் நிற்கின்றன. வேலையிழந்த மனிதர் முன்னுக்கு வருகின்றனர். பேஸ்போல் வீரர் கேர்ட் ஷில்லிங் தொடங்கிய '38 ஸ்டூடியோஸ்' பற்றிய பகுதி எமது நெஞ்சை உலுக்கியது. ரோட் ஐலண்ட் மாநிலம் 7 கோடி 50 இலட்சம் டொலர் கடனுக்கு உத்தரவாதம் அளித்தது. அதனை நம்பி ஊழியர் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தனர். 2012 மே மாதத்தில் சம்பளம் வரவில்லை. சில நாட்களின் பின் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல்: வேலை இல்லை. விற்றாகிவிட்டதென்று நம்பியிருந்த பழைய வீடுகளின் கடனும் இன்னும் தம் தலையிலேயே இருப்பதைச் சிலர் அப்போதுதான் அறிந்தனர். எஞ்சிய கடன் பொதுமக்கள் தலையில் விழுந்தது. இலாபம் வந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

தீர்வுகளைத் தேடும் இறுதிப் பகுதியில் தொழிற்சங்கத்தைப் பற்றியும் ஷ்ரையர் பேசுகிறார். ஆனால் அதனைப் பல வழிகளுள் ஒன்றாகவே வைக்கிறார். அவருடைய உலகம் வட அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்பதும் எமக்குள்ள குறை. பெங்களூரில் 1997 இல் தொடங்கிய துருவா இன்டரக்டிவ் போன்ற நிறுவனங்களிலே மேல்நாட்டு விளையாட்டுக்களுக்கு மரமும் மதிலும் வண்டியும் வரைந்து கொடுத்தவரின் மேசை இந்நூல்களில் இல்லை.

புனைகதை இக்குறையை நிரப்புமா என்று பார்த்தோம். கேப்ரியல் செவின் 2022 இல் எழுதிய 'ருமொறோ, அன்ட் ருமொறோ, அன்ட் ருமொறோ' பெரும் வரவேற்புப் பெற்ற நாவல். சேடி, சாம் என்னும் இரு நண்பர் விளையாட்டுச் செய்யும் கதை. தயாரிப்புப் பொறுப்பையும் பணத்தையும் கவனிக்கும் பாத்திரத்தின் பெயர் மார்க்ஸ். இந்தப் பகிடிக்கு நாம் வாய்விட்டுச் சிரித்தோம். நட்பின் நுட்பங்களை ஆசிரியை மிக அழகாகத் தீட்டுகிறார், அதில் ஐயமில்லை. ஆயினும் உறக்கமற்ற இரவுகள் அங்கே படைப்பாளியின் வேட்கையாகவே தோன்றுகின்றன. சொந்தக் கம்பனிக்காக விழித்திருப்பவரின் இரவும் கூலிக்கு விழித்திருப்பவரின் இரவும் ஒன்றல்ல. கூலிக்கு விழித்திருப்போர் நாவலில் வருகிறார்கள், போகிறார்கள். அவர்களுடைய முகம் எமக்கு நினைவில்லை.

பரிசோதகரிடம் திரும்பி வருவதாகச் சொன்னோம். விஸ்கொன்சின் மாநிலத்து ரேவன் சொஃப்ற்வெயரில் 2021 டிசெம்பரில் பன்னிரண்டு பரிசோதகர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். உடனிருந்தோர் எழுந்து வெளியேறினர். வேலைநிறுத்தம் ஐந்து வாரங்களைக் கடந்தது. 2022 மே மாதம் 23 ஆம் திகதி சங்கத்துக்கான வாக்குகள் எண்ணப்பட்டன. ஆதரவாக 19, எதிராக 3. மதிலில் மோதிப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட இம்மனிதரைப் பற்றிய அத்தியாயம் ஷ்ரையரின் இரு நூல்களுக்கும் பிந்தியது. செவினின் நாவலில் அதற்கு இடமே இல்லை.