எலியின் நாக்கு: பிளாஸ்டிக் கோரம் குறித்துச் சில குறிப்புகள்

கோரமான உடலைக் கண்டதும் கலகம் என்று எழுதிவிடும் பழக்கம் நம் சிறுபத்திரிகைச் சூழலில் வேரூன்றிவிட்டது. பிளந்த வாய், வெளியே தொங்கும் நாக்கு, பிதுங்கிய வயிறு, முடிவுறாத உடல். இவ்வளவு போதும், பக்தினைக் கூப்பிட்டுவிடுவோம். தலைகீழாக்கம் என்போம், கொண்டாட்டம் என்போம், அதிகாரத்தின் இறுக்கமான முகத்துக்கு எதிரான வெகுமக்கள் சிரிப்பு என்போம். நானும் இப்படி எழுதியவன்தான். அந்த அவசரத்தை ஒரு பொம்மையின் மேல் வைத்துச் சோதித்துப் பார்க்கும்படி ஆனது; அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொம்மை ஒரு எலி. மோட்டார் சைக்கிள் ஓட்டும் எலி. கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் அவன் வாங்கி வைத்திருந்த சாமான் அது. ‘பிரதர் ரேட் ஃபிங்க்’ என்று பெயர். 1960களின் முற்பாதியில் ரேவெல் கம்பெனி வெளியிட்ட பிளாஸ்டிக் மாடல் கிட். பெட்டி இல்லை. யாரோ ஒரு பையன் அந்தக் காலத்திலேயே பாதி ஒட்டி, பாதி பெயிண்ட் அடித்துக் கைவிட்டது. அதைப் பிரித்து, சுத்தம் செய்து, தன் விருப்பப்படி மாற்றிக் கட்டுவது நண்பனின் திட்டம். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை உப்புத்தாள் தேய்ப்பது.

இந்த எலிக்கு அப்பன் எட் ரோத். 1932இல் பிறந்து 2001இல் இறந்தவர். ‘பிக் டாடி’ என்பது பட்டப்பெயர். ஃபைபர் கிளாஸில் வினோதமான கார்களைக் கட்டியவர்: 1959இல் ‘அவுட்லா’, 1961இல் ‘பீட்னிக் பேண்டிட்’. கார் கண்காட்சிகளில் உட்கார்ந்து, கேட்பவருக்கெல்லாம் ஏர்பிரஷ்ஷால் பனியனில் பூதங்களை வரைந்து விற்றார். மிக்கி மவுஸுக்கு எதிர்ப்பாட்டாக உருவான எலி என்று இதைச் சொல்வார்கள். பச்சைத் தோல், ரத்தம் கட்டிய முட்டைக் கண்கள், மஞ்சள் பல், மேலே ஈ. ரோத்தின் கார்களையும் பூதங்களையும் ரேவெல் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்றது. டாம் உல்ஃப் 1963இல் எஸ்கொயர் இதழில் இந்தக் கார் உலகத்தைப் பற்றி எழுதிய பிறகு படித்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். (படித்தவர்கள் பார்த்த பிறகுதான் ஒன்று பண்பாடு ஆகிறது என்பது தனிக்கதை.)

பூதங்கள் இந்த நேரத்தில் பிளாஸ்டிக்குக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1954இல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். ரத்தக்காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, நடக்கும் பிணம் கூடாது. காகிதத்திலிருந்து விரட்டப்பட்ட பேய்கள் 1957இல் தொலைக்காட்சிக்குள் புகுந்தன. யூனிவர்சலின் பழைய பயங்கரப் படங்கள் மொத்தமாக அந்த ஆண்டுதான் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. 1961இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த அரோரா கம்பெனி ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தை மாடல் கிட்டாக்கியது. 1963இல் சிகாகோவின் ஹாக் கம்பெனி, பில் கேம்பலின் வடிவமைப்பில் ‘வியர்ட்-ஓஸ்’ வரிசையை இறக்கியது. அதிலும் டேவி என்று ஒரு மோட்டார் சைக்கிள் பைத்தியம் உண்டு. ஆக, தடை பேயைக் கொல்லவில்லை, வேறு பொருளில் வார்க்க வைத்தது. காகிதத்தில் பேய் படிக்கும் பொருளாக இருந்தது, பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டிய பொருளாகிவிட்டது. இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இந்தப் பூதங்கள் கடையில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். போர்க்கப்பல், குண்டுவீச்சு விமானம், டாங்க். ரேவெல்லின் பெரும் வெற்றிகளில் ஒன்று 1953இல் வந்த மிசௌரி போர்க்கப்பல். 1961இல் அது போலாரிஸ் ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பலை மாடலாக விற்றபோது, ராணுவ ரகசியம் பொம்மையில் வெளிப்பட்டுவிட்டதாக அட்மிரல் ரிக்கோவர் கோபப்பட்டார். சிறுவனின் கையில் அரசு தன் ஆயுதங்களைச் சிறியதாக்கிக் கொடுத்த காலம். ரோலான் பார்த் 1957இல் வெளியான ‘மித்தாலஜிஸ்’ நூலில் பொம்மைகளைப் பற்றிச் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். பொம்மை என்பது பெரியவர்களின் உலகம் குறுகி வந்தது. குழந்தையை அது உடைமையாளனாகவும் பயனாளியாகவும் தயார் செய்கிறது, படைப்பவனாக அல்ல என்பது அவர் வாதம். அந்த அலமாரியில் ஈ மொய்க்கும் எலி ஒன்று நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது எதிர்ப்புதான். இதுவரைக்கும் பக்தின் சரி.

பார்த் சரிதானா என்பதில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது, அதுவும் உப்புத்தாள் தேய்க்கும்போது.

பழைய கிட்டைப் பிரிக்க நண்பன் அதை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தான். குளிரில் பழைய ஒட்டு நொறுங்கத் தொடங்குகிறது. பிறகு பெயிண்ட் போக பிரேக் ஆயிலில் ஊறப்போட்டான். எனாமல் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. குரோம் பூச்சு போட்ட எஞ்சின் பாகங்களுக்கு, துணி வெளுக்கும் பிளீச். எல்லாம் போனபின் எஞ்சியது வெறும் பாலிஸ்டைரீன். அப்போதுதான் எலியின் முதுகில், வாலுக்கு மேலே, அதைப் பார்த்தேன்: ஒரு கைரேகை. இந்த ஒட்டு கோந்து மாதிரி இரண்டு பரப்புக்கு நடுவே உட்காராது. பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றோடொன்று கலக்க வைக்கும். இளகிய இடத்தில் விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்து இறுகிவிடும். சின்ன விரல். எட்டு, பத்து வயது இருக்கலாம்.

நண்பன் பார்த்துவிட்டு, “அதான் மாப்ள, முதல்ல அதைத் தேய்ச்சு எடு. புட்டி வச்சு அடைச்சுரலாம்” என்றான்.

நான் தேய்க்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். சேகரிப்போர் சந்தையில் இந்தக் கிட்டுகளின் விலை ஒரே ஒரு விதிப்படி ஏறுகிறது: கை பட்டிருக்கக் கூடாது. பெட்டி திறக்கப்படாமல், பிளாஸ்டிக் உறை கிழியாமல், சட்டத்திலிருந்து ஒரு பாகம்கூட முறிக்கப்படாமல் இருந்தால் உச்ச விலை. ஒட்டப்பட்டிருந்தால் சரிவு. சின்னப் பையன் ஒட்டியிருந்தால் அது குப்பை. ‘கோந்து குண்டு’ என்று அவர்கள் அதற்கு ஒரு வசவே வைத்திருக்கிறார்கள். ஒட்டுவதற்காகவே செய்யப்பட்ட பொருள், ஒட்டப்படாமல் இருந்தால்தான் மதிப்பு. தொட்டால் மதிப்பிழக்கும் என்ற தர்க்கத்தை இதன் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உவமையை இதற்கு மேல் இழுக்க விருப்பமில்லை. அங்கே மதிப்பிழப்பது பொருள், இங்கே மனிதர். இரண்டையும் ஒன்றாக்கினால் வசதியாகத்தான் இருக்கும், உண்மையாக இருக்காது.

ஆனால் கைரேகை பார்த்தின் வாதத்தில் ஓட்டை போடுகிறது. பயனாளியின் கை பொருளுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. அவசரத்தில், அழுக்கில், கோணலாக. அந்தப் பையன் பெட்டியில் போட்டிருந்த நிறத்தையும் அடிக்கவில்லை என்று உரிந்த பெயிண்டில் தெரிந்தது: எலி நீலமாக இருந்திருக்கிறது. பெட்டி பச்சை என்றது, அவன் நீலம் என்றான். ‘கஸ்டம்’ என்பதை ‘சி’க்குப் பதிலாக ‘கே’ போட்டு எழுதி ஜார்ஜ் பேரிஸ் போன்றோர் அதை ஒரு தொழில் முத்திரையாக்கினார்கள். இந்த நீலத்துக்கு முத்திரை எதுவும் கிடையாது. இதையும் கலகம் என்று கூவத் தயாராக இல்லை. வீட்டில் நீலம் மட்டுந்தான் மிச்சமிருந்ததோ என்னவோ.

பெயிண்ட் அடித்ததைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோட்பாடு பேசுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போகிறோம். முதலில் சாம்பல் பிரைமர். அது போட்டதும் மறைந்திருந்த கீறலெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு அச்சுப் பாதிகள் சேரும் கோட்டை அடைத்து, வாட்டர் பேப்பரில் தேய்த்து, மறுபடி பிரைமர். உடம்புக்கு அடர்பச்சை. அதன்மேல் வெளிர்பச்சையைப் பிரஷ்ஷில் எடுத்து, டிஷ்யூ தாளில் முக்கால்வாசிக்கு மேல் துடைத்துவிட்டு, மீதி ஈரத்தை மேடான இடங்களில் மட்டும் ஒட்டும்படி வருட வேண்டும். கரும்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து மடிப்புகளில் ஓட விட வேண்டும். கண்ணுக்குச் சுத்த வெள்ளை கூடாது, தந்த நிறம். அதில் ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷால் சிவப்பு நரம்பு. கடைசியில் பளபளப்பான வார்னிஷ், ஈரமாகத் தெரிய. நாக்குக்கும் அதே வார்னிஷ். பெட்ரோல் டாங்குக்குக் கேண்டி சிவப்பு: அடியில் வெள்ளி, மேலே ஒளி ஊடுருவும் சிவப்பு, ஏழெட்டுப் பூச்சு. 1950களில் ஜோ பெய்லன் கார்களுக்குக் கொண்டுவந்த முறை. வெளிச்சம் உள்ளே போய் வெள்ளியில் பட்டுத் திரும்பி வரும். எஞ்சினுக்குச் சன்னமான செம்புக் கம்பியில் பிளக் ஒயர். இத்தனையும் செய்யும்போதுதான் அச்சு வெட்டியவனின் வேலை கைக்குத் தட்டுப்படுகிறது. ஒவ்வொரு மருவையும் ஒவ்வொரு ரோமத்தையும் யாரோ செதுக்கியிருக்கிறார்கள். பெட்டியில் ரோத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், அவர்கள் பெயர் இருக்காது. ஒரு கிட்டுக்கு ஒரு சென்ட் ரோத்துக்குக் கிடைத்தது என்பார்கள். செதுக்கியவருக்குச் சம்பளம்.

பிரச்சினை தலையில் வந்தது.

நண்பனிடம் உதிரி பாகங்களுக்கென்று ஒரு டப்பா உண்டு. அதிலிருந்து ஒரு ஜெர்மன் தலைக்கவசத்தை எடுத்தான். டாம் டேனியல் வடிவமைத்து மோனோகிராம் 1968இல் வெளியிட்ட ‘ரெட் பேரன்’ கிட்டின் கூரை அது. காரின் கூரையே தலைக்கவசம். (அந்தக் கிட் வந்த பிறகு அதைப் பார்த்து நிஜக் காரைக் கட்டினார்கள். நகல் முந்தி, மூலம் பிந்தி. போத்ரியார் படித்தவர்கள் மகிழலாம்.) அதை எலியின் தலையில் வைத்துக் காட்டினான். பொருந்தியது. உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது.

“வேண்டாம்டா” என்றேன்.

“ஏன்? பைக்கர்னா அதான. அந்தக் காலத்துல அவனுங்க போட்டது அதான்.”

உண்மைதான். போரில் ஜெயித்து வந்த அப்பாக்களை எரிச்சலூட்ட, தோற்ற எதிரியின் சின்னங்களை மாட்டிக்கொண்டார்கள் பையன்கள். 1966 வாக்கில் ரோத்தே இரும்புச் சிலுவைப் பதக்கத்தைச் ‘சர்ஃபர் சிலுவை’ என்று விற்றார். பிளாஸ்டிக்கில் ஜெர்மன் தலைக்கவசமும் விற்றார். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கூட்டத்தாரின் படங்களைப் போஸ்டராக்கினார். 1969இல் மோனோகிராம் ‘ரொமெல்ஸ் ராட்’ என்று ஒன்றை வெளியிட்டது, ஜெர்மன் சீருடையில் எலும்புக்கூடுகளோடு.

நண்பன் விடவில்லை. “இரும்புச் சிலுவை நாஜி இல்ல மாப்ள. பிரஷ்யா. 1813.”

தெரியும். ஒரு குறியின் பிறந்த தேதி அதன் அர்த்தத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதைத்தானே இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். தலைகீழாக்கம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, யார் செலவில் சிரிக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள், சரி. ஆனால் அதே லாஸ் ஏஞ்சலிஸில், 1961இல், நாஜி முகாம்களிலிருந்து தப்பிப் பிழைத்து வந்தவர்கள் தங்கள் கையில் மிச்சமிருந்த பொருட்களை வைத்து ஒரு நினைவு அருங்காட்சியகத்தைத் தொடங்கியிருந்தார்கள். தெருவில் அந்தத் தலைக்கவசம் போகும்போது அவர்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள். பையன்களின் கணக்கில் அவர்கள் இல்லை. கலகத்தில் விடுபட்டவர்களின் பட்டியலைப் போட்டால்தான் அந்தக் கலகத்தின் எல்லை தெரியும்.

பெண்களும் அந்தப் பட்டியலில் உண்டு. 1971இல் அரோரா ‘மான்ஸ்டர் சீன்ஸ்’ என்றொரு வரிசையை விற்றது. சித்திரவதைக் கூடம், தொங்கும் கூண்டு, அவற்றில் வைத்து விளையாட ஒரு இளம்பெண் உருவம். அந்த உருவத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பெட்டியில் ‘பலியாள்’ என்றே போட்டிருந்தார்கள். அதே ஆண்டு அரோராவை வாங்கியிருந்த நபிஸ்கோ பிஸ்கட் கம்பெனியின் வாசலில் பெண்கள் மறியல் செய்தார்கள், வரிசை நிறுத்தப்பட்டது. இதைத் தணிக்கை என்று புலம்பும் சேகரிப்பாளர்கள் இன்றும் உண்டு. 1954இன் தடையும் 1971இன் மறியலும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. முன்னது பேயைப் பார்த்துப் பயந்தது. பின்னது, பேயின் கையில் யாரைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டது.

இதையெல்லாம் நண்பனிடம் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. “அசிங்கமா இருக்குடா” என்று மட்டும் சொன்னேன். “அசிங்கமா இருக்கத்தானே மாப்ள இதைச் செய்றது” என்றான். அந்தப் பதிலுக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. இப்போதும் முழுசாக இல்லை. கோரத்தில் நல்ல கோரம், கெட்ட கோரம் என்று பிரித்து, நல்லதுக்கு மட்டும் அனுமதி கொடுக்கும் விமர்சகன் காமிக்ஸ் தணிக்கைக்காரனுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார வேண்டியிருக்கும். உட்காராமல் தப்பிக்க ஒரு வழிதான் தெரிகிறது: தடை கேட்காமல், நான் செய்வதில் நான் வைக்க மாட்டேன் என்பது. ஆனால் அந்த எலி என்னுடையதும் அல்ல.

கிளம்பும் நாளில் முதுகைத் தவிர மற்றதெல்லாம் முடிந்திருந்தது. ஒரு மாதம் கழித்துப் புகைப்படம் அனுப்பியிருந்தான். தலையில் கவசம் இல்லை. என் வாதம் எடுபட்டதோ என்று கேட்டு எழுதினேன். கவசம் வைத்தால் கண் மறைகிறது, நரம்பு வரைந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது, அதனால் எடுத்துவிட்டேன் என்று பதில் வந்தது. படம் முன்பக்கமிருந்து எடுத்தது. நாக்கு ஈரமாக மின்னுகிறது. முதுகுப் பக்கத்தை அனுப்பச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன்.