அடையாளம் விழுந்த சீட்டு

ஓர் அட்டையை மடித்தால் போதும், முழுச் சீட்டுக்கட்டும் கெட்டுவிடும். எல்லா அட்டைகளின் முதுகும் ஒன்றுபோல் இருக்கும்வரைதான் ஆட்டம். ஆகவே சீட்டை மடித்தோ வெட்டியோ வேறொன்று செய்கிறவர் ஒரு கட்டையே விலையாகக் கொடுக்கிறார். நம்மவர் நால்வர் கூடி ஆடும் 304இல் மட்டும் இந்தக் கவலை குறைவு: ஆட்டத்துக்கு 32 அட்டைகள், 52இல் மிச்சம் 20.

இந்தக் கைவேலையை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சீட்டுகளின் முதுகு பெரும்பாலும் வெறுமையாக இருந்தது, கடதாசியும் மலிவில்லை. ஆடித் தேய்ந்த சீட்டில் குறிப்பெழுதினார்கள், பெயரட்டை செய்தார்கள். ஷார்டனின் ஓவியங்களில் சிறுவர்கள் மடித்த சீட்டுகளை நிறுத்தி வீடு கட்டுகிறார்கள். 1685இல் கனடாவின் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் சிப்பாய்களுக்குக் கொடுக்கக் காசில்லாதபோது, நிர்வாகி ஜாக் த மெல் சீட்டுகளில் கையெழுத்திட்டுப் பணமாக்கினார். பின்னாளில் அட்டைப் பணத்தின் மூலைகளை வெட்டி மதிப்பைக் காட்டினார்கள். 1791இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு, பறிமுதல் செய்த நூல்களைச் சீட்டுகளின் முதுகில் பட்டியலிடச் சொன்னது. தரவுத்தளங்களால் பிழைக்கும் எனக்கு அந்தச் சீட்டுகள் பாட்டன் முறை.

எழுத்தாளர்களும் இதில் சேர்த்தி. 1765இல் பேர்ண் அரசு ரூசோவைப் பீல் ஏரித் தீவிலிருந்து வெளியேற்றியது. தன் கடைசி நூலில் அந்தத் தீவை நினைத்து ஓர் அத்தியாயமே எழுதினார். அந்த நூலுக்கான குறிப்புகள் உள்ள 27 சீட்டுகள், பேர்ணிலிருந்து ரயிலில் ஒரு மணிநேரத்துக்குள் போய்விடக்கூடிய நொஷாத்தெல் நூலகத்தில் இருக்கின்றன. பேர்ணிலேயே 1920களில் ரொபேர்ட் வால்சர் நாட்காட்டித் தாள்களைப் பாதியாக வெட்டி, பெயரட்டைகளையும் சேர்த்துவைத்து, பென்சிலால் கடுகளவு எழுத்தில் எழுதினார். எஞ்சியவை 526 தாள்கள். 'கொள்ளைக்காரன்' நாவல் முழுவதும் 24 தாள்களில் அடங்கியது. அவருடைய பல பிரதிகள் தாள் முடிகிற இடத்திலேயே முடிகின்றன. தாளின் அளவுதான் அங்கே வடிவத்தைத் தீர்மானித்தது.

அச்சுப் பதிப்புகள் இதையெல்லாம் ஒரே சீரான பக்கங்களாக்கிவிடுகின்றன. வாசிக்க அது வேண்டும்தான். ஆனால் விமர்சனமும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வெட்டும் மடிப்பும் அந்த எழுத்தின் இலக்கணம். அதை விட்டுவிட்டு நடையைப் பற்றிப் பேசுவது அரைப் பேச்சு.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஊருக்கும் இங்கேயுமாகப் பறந்த நீல ஏரோகிராம்களை நினைத்துப் பாருங்கள். கோட்டில் மடித்து ஒட்டுகிற தாள். இடம் போதாமல் ஓரம் சுற்றி, பசை மடிப்புவரை ஏறிய எழுத்து. முக்கியமான செய்தி பல வேளை அந்த ஓரத்தில்தான் இருக்கும். இன்று அவற்றை ஸ்கேன் செய்கிறவர்கள் ஓரத்தை நறுக்கி, உரையை மட்டும் தட்டச்சு செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுத்தால், பெற்றோர் சொன்னது கிடைக்கும். எவ்வளவு நெருக்கடிக்குள் சொன்னார்கள் என்பது கிடைக்காது. இரு பக்கத்தையும் மடிப்பையும் சேர்த்தே எடுங்கள்.