பச்சை டிக்கும் பாகுப் பதமும்

எங்கள் அலுவலகத்தில் ஒரு பாட் உண்டு. 90 நாளுக்கு ஒருமுறை ஸ்லாக்கில் வந்து, "இந்தப் பக்கம் இன்னமும் சரியாக இருக்கிறதா?" என்று கேட்கும். ஆம் என்று அமுக்கினால் கான்ஃபுளுயன்ஸில் பச்சை டிக் விழும். படித்துப் பார்த்து அமுக்கியது எத்தனை தடவை என்று மட்டும் கேட்டுடாதீங்க.

போன வருஷம் ஒரு சீனியர் வேலையை விட்டார். இரண்டு வாரம் கேடி நடந்தது. அவர் பேச, நாங்கள் ரெக்கார்ட் செய்தோம். அவர் போன பிறகு, ஒரு மாதக் கடைசி ராத்திரி பில்லிங் ஜாப் பாதியில் நின்றது. மறுபடி எப்படி ஓட்டுவது என்று பக்கத்தில் தெளிவாக இருந்தது, பச்சை டிக்கோடு. ஓட்டினேன். நிறைய வாடிக்கையாளர்களுக்கு ஒரே பில் இரண்டு தடவை போய்விட்டது. மாதக் கடைசியில் மட்டும் அதை மறுபடி ஓட்டக் கூடாது, காரணம் இன்னது என்பது அவர் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. போன் செய்தேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேப்பா" என்றார்.

அந்த வார்த்தை குடைந்துகொண்டே இருந்தது. ஊருக்கு வந்தபோது கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதியை எடுத்துப் புரட்டினேன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட சம்சாரி. பல்கலைக்கழகம் எதையும் எதிர்பார்க்காமல், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பொறுக்கி 1982இல் அதைக் கொண்டுவந்தார். ஆக்ஸ்போர்டு அகராதிக்காக ஜேம்ஸ் மர்ரே வாசகர்களிடமிருந்து துண்டுச்சீட்டுகளில் மேற்கோள்களை வரவழைத்த மாதிரி வேலைதான், அளவில் சிறியது. எங்கள் விக்கிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: இங்கே கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் யாரும் தாமாக உட்கார்ந்து பக்கம் எழுதித் தரமாட்டார்கள். ஆசையாகக் கேட்கிறவர் எதிரே இருந்தால் பேச்சை நிறுத்தவும் மாட்டார்கள்.

ஆனாலும் அகராதியில் எனக்கு ஒரு குறை உண்டு. அகர வரிசை. அது சொல்லை அது பிறந்த வேலையிலிருந்து பிரித்துவிடுகிறது. உழவுச் சொல்லுக்குப் பக்கத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு அடுப்படிச் சொல் வந்து உட்காரும். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவனுக்குக் கிடைக்கும். தேட வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதவனுக்கு? அன்றைக்கு ராத்திரி என் நிலைமை அதுதான்.

அதனாலேயே 'கோபல்ல கிராம'த்தை (1976) அகராதிக்கு ஒரு படி மேலே வைப்பேன், ஓர் அறிவுக் கிட்டங்கியாக. மங்கத்தாயாரு அம்மாள் என்ற கிழவியின் ஞாபகத்தில் ஒரு சனமே குடியிருக்கிறது. ஆந்திரத்திலிருந்து கிளம்பி வந்த கதையை அவள் சொல்லும்போது, ஏன் கிளம்பினோம் என்பதை விட்டுவிட்டு எப்படி வந்தோம் என்பதைச் சொல்லவே முடியாது. கதை அப்படிப் பின்னியிருக்கிறது. அற்புதங்களும் கலந்துதான் வருகின்றன. ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேற விஷயம்.

மேனேஜ்மென்ட்காரர்களுக்கும் இது தெரியாததல்ல. 1991இல் இகுஜிரோ நொனாகா எழுதிய பிரபலமான கட்டுரையில் இகுகோ தனாகா வருகிறார். மட்சுஷிதா கம்பெனியின் சாஃப்ட்வேர்க்காரர். வீட்டில் ரொட்டி சுடும் மெஷினுக்கு மாவு பிசைய வரவில்லை. ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்த் தொழில் பழகினார். அவர் மாவை முறுக்கி இழுக்கும் விதத்தைக் கவனித்துப் பிடித்தார். நான் வேலை பார்த்த இடங்களில் இந்தக் கதையை ஸ்லைடில் போட்டார்கள், பிறகு விக்கிக்கு லைசென்ஸ் வாங்கினார்கள். யாரையும் எந்த ரொட்டிக்காரரிடமும் அனுப்பி நான் பார்த்ததில்லை.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பிக்கச் செய்முறையை எழுதிக் கொடுத்தாக வேண்டும். நிலக்கடலை, வெல்லப்பாகு என்றெல்லாம் எழுதிவிடலாம். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்து ஒடித்துப் பார்த்து, "இப்போ இறக்கு" என்கிற அந்த நொடியை என்ன எழுதுவது?

போன திங்கட்கிழமை பாட் திரும்ப வந்தது. இல்லை என்று அமுக்கினேன், டிக் போய்விட்டது. டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணிடம், மாதக் கடைசி ராத்திரி என்னோடு உட்காரச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். இரட்டை பில் கதையிலிருந்து ஆரம்பித்தேன்.