ஊற்றுக்கு ஒருத்தி, ஏரிக்கு எழுவர்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் ஏரிக்கரைகளில் பல ஊர்களில் ஏழு கற்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் உளி படாத கற்கள். மஞ்சளும் குங்குமமும் படிந்து படிந்து மேனி தடித்தவை. தமிழ் பேசுகிறவர்கள் கன்னிமார் என்பார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் தண்ணீரையே கங்கம்மா என்று கும்பிடும். மூன்று மொழிகள் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில், தண்ணீர் பெண் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தக் கற்களைப் பற்றிப் பேச கிரேக்கம் வரை போவதற்குக் காரணம் இருக்கிறது. ஊற்றிலும் ஆற்றிலும் குளத்திலும் குடியிருக்கும் இளம்பெண் தெய்வங்களைக் கிரேக்கர் நயாட் என்றார்கள். நீரரமகளிர் என்று நம் மொழியில் சொல்லலாம். இவர்களைப் பற்றிய ஆய்வு நெடுங்காலம் கவிதைகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அது கவிதையை விட்டு இறங்கி, குகைக்கும் ஊற்றுக்கும் படையல் பொருளுக்கும் போனது. போன பிறகுதான் அவர்கள் அலங்காரப் பாத்திரங்கள் அல்லர் என்பது தெளிவாயிற்று. அந்தப் பாதை நமக்கும் பயன்படும்.

கவிதைக்குள் இருந்தவர்கள்

ஹெசியட் தன் தெய்வ வம்சக் காவியத்தில் ஓசியானஸ், டெத்திஸ் தம்பதிக்கு 3,000 மகள்கள் என்கிறார். ஆறுகளான மகன்களும் அதே எண்ணிக்கை. ஒவ்வோர் ஆற்றின் பெயரையும் சொல்ல மனிதனால் ஆகாது, அதனதன் கரையில் வாழ்பவருக்கு அது தெரியும் என்றும் சொல்கிறார். நீர்த்தெய்வம் உள்ளூர்க்காரருக்கு உரியது என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது.

ஹோமரின் ஒடிசி இன்னும் கிட்டே போகிறது. இத்தாக்கா நகருக்கு வெளியே ஊரார் நீர் மொள்ளும் ஊற்று ஒன்று. அதன்மேல் நீரரமகளிருக்குப் பலிபீடம். அந்த வழியாகப் போகிற யாரும் படைக்காமல் போவதில்லை. அதே தீவில் இன்னொரு குகை. உள்ளே கல் சாடிகள், கல் தறிகள், தேனீக்கள், வற்றாத நீர்.

பயமும் உண்டு. ஹெராக்ளிஸின் தோழன் ஹைலஸ் நீர் மொள்ளக் குனிந்தபோது ஊற்றின் பெண்கள் அவன் அழகில் மயங்கி உள்ளே இழுத்துக்கொண்டார்கள் என்று தியோக்ரிட்டஸும் அப்போலோனியஸும் பாடினார்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட், சியானே என்பவள் தன் ஊற்று அவமதிக்கப்பட்ட துயரத்தில் உருகி அந்த நீராகவே கரைந்ததைச் சொல்கிறார். அவள் வேறு, அவள் நீர் வேறு அல்ல. பல நயாட்களின் இலக்கணம் இதுதான்: ஒருத்திக்கு ஓர் ஊற்று, ஓர் ஊற்றுக்கு ஒருத்தி.

குகைகள் சொன்னவை

ஏதென்ஸுக்குத் தெற்கே வாரி என்ற இடத்தில் ஒரு குகை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில், தேரா தீவிலிருந்து வந்த ஆர்க்கெடெமோஸ் என்ற கல்தச்சன் அதை நீரரமகளிருக்கான கோயிலாகச் செதுக்கினான். அவர்கள் தன்னைப் பற்றிக்கொண்டதாகவும், அவர்கள் சொல்படியே வேலை செய்ததாகவும் பாறையில் எழுதி வைத்தான். கையில் கருவியோடு தன் உருவத்தையும் வெட்டினான். நம் ஊரில் சாமி வந்தவர் கோயில் எழுப்புவது போன்றதே இதுவும். அதே குகையில் இன்னொரு வாசகம்: பலி கொடுத்த விலங்கின் குடலை வெளியே கொண்டுபோய்க் கழுவுங்கள், சாணத்தை அப்புறப்படுத்துங்கள்.

கொரிந்து அருகே பிட்சா குகையில் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் வண்ண மரப்பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒரு குடும்பம் ஆட்டை ஓட்டிக்கொண்டு நீரரமகளிருக்குப் படைக்கப் போகிறது. டெல்ஃபிக்கு மேலே பார்னசஸ் மலையின் கோரிக்கியன் குகையில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் 20,000-க்கும் மேற்பட்ட ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை எடுத்தார்கள். பிள்ளைகள் விளையாடவும் பெரியவர்கள் குறி பார்க்கவும் பயன்பட்டவை. காவியத்தில் பெயரில்லாத எளிய மக்களின் காணிக்கை.

டெலோஸ் தீவின் மினோயே என்ற ஊற்றுக்கிணறு தொடர்பான கல்வெட்டு இன்னும் வெளிப்படை. இதில் துவைக்காதே, நீந்தாதே, சாணம் போடாதே, மீறினால் 2 டிராக்மா தண்டம். ஹெசியட்டும் உழவருக்குச் சொன்ன அறிவுரையில், ஆற்றையோ ஊற்றையோ அசுத்தம் செய்யாதே, கை கழுவி வேண்டிக்கொள்ளாமல் ஆற்றைக் கடக்காதே என்கிறார். ஏதென்ஸில் திருமணத்துக்கு முன் மணமகளின் நீராட்டுக்குக் கலிரோயே ஊற்றின் நீரையே கொண்டுவந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் பதிவு செய்கிறார்.

இந்தச் சான்றுகளையெல்லாம் ஊர்வாரியாகத் தொகுத்து ஜெனிஃபர் லார்சன் 2001இல் எழுதிய கிரேக்க நீரரமகளிர் பற்றிய நூல் இந்தத் துறையின் முக்கியமான திருப்பம். நீரரமகளிரைப் புராணத்தில் தேடுவதை விட வரைபடத்தில் தேட வேண்டும் என்பதை அது நிலைநிறுத்தியது.

நம் பக்கத்து ஆய்வுகள்

தமிழில் தொடக்கம் சங்கப் பாடல்கள். மனிதர் பறிக்காத சுனைக் குவளையைக் காந்தளோடு கட்டி அணிந்து, அருவியின் ஓசையையே இசையாகக் கொண்டு ஆடும் சூர்மகளை நற்றிணையில் காண்கிறோம். திருமுருகாற்றுப்படையின் மலைச்சோலையில் சூரரமகளிர் ஆடுகிறார்கள். அழகும் அச்சமும் ஒன்றாய்ச் சேர்ந்த அணங்கு என்ற ஆற்றலை ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியான தன் நூலில் விரிவாக ஆராய்ந்தார். கிரேக்கத்தையும் தமிழையும் அருகருகே வைத்துப் படிக்கும் துணிவை அதற்கு முன்பே ஈழத்து அறிஞர் க. கைலாசபதி காட்டியிருந்தார். கிரேக்கவியல் அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் பர்மிங்காமில் அவர் செய்த ஆய்வு 1968இல் நூலாயிற்று. அவருடைய அக்கறை வீரயுகத்துப் பாணர்களும் போர்மறவரும். அந்த ஒப்பீட்டைச் சுனைக்கும் துறைக்கும் கொண்டுபோகும் வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.

ஆனந்த குமாரசாமி 1928இலும் 1931இலும் யக்ஷர் பற்றி வெளியிட்ட இரு பகுதிகள், இந்தியச் சிற்பத்தில் நீரும் செழிப்பும் பெண்ணுருவும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைக் காட்டின. சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட் 1916இல் தென்னிந்தியக் கிராமத் தெய்வங்களைத் தொகுத்தார். சமயப் பரப்புநரின் பார்வைக் குறை அதில் உண்டு. சடங்கு விவரங்கள் இன்றும் பயன்படும். டி.டி. கோசாம்பி 1962இல், புனே சுற்றுவட்டாரத்தில் கால்நடையாகத் தாய்த்தெய்வ இடங்களைத் தேடிய அனுபவத்தை நூலாக்கினார்.

நம் கன்னிமாருக்கு மிக அருகில் வருவது ஆன் ஃபெல்டாஸ் 1995இல் மகாராஷ்டிர ஆறுகளைப் பற்றி எழுதிய நூல். அங்கே சாதி ஆசரா என்ற எழுவர் நீர்நிலைகளில் வாழ்கிறார்கள். பிள்ளை வரம் தருவார்கள், ஆளையும் இழுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் ஏரி காவு கேட்கும் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்துகிறோமே, அந்த அச்சமும் ஹைலஸின் கதையும் ஒன்றேதான்.

தமிழகத்தில் தொ. பரமசிவன் 1989இல் வெளியான 'அழகர் கோயில்' ஆய்வின் வழியாக, ஒரு பெருங்கோயிலைச் சுற்றுவட்டார மக்களின் உறவுகளிலிருந்து படிக்கக் கற்றுத் தந்தார். அதே அழகர்மலையின் உச்சியில், நூபுர கங்கை ஊற்றில், ராக்காயி அம்மன் வீற்றிருக்கிறாள். ஊற்றுக்கு ஒருத்தி என்ற கிரேக்க இலக்கணத்துக்குத் தமிழகத்திலேயே கச்சிதமாகப் பொருந்துகிறவள் அவள்.

பாறையும் தெய்வமும்

ஆனால் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அந்த இலக்கணம் பொருந்தவில்லை. ஏன் என்பதற்கான விடையைப் பாறையில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிரேக்கத்தின் பல பகுதிகள் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கரைத்து உள்ளே இறங்கும், குகை உண்டாகும், அடிவாரத்தில் ஊற்றாக வெளிவரும். குகையும் ஊற்றும் சேர்ந்தே இருப்பதால் நீரரமகளிரும் குகைவாசிகளானார்கள். நீர் தானே வருகிறது. மனிதன் செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் இருப்பதும் நன்றி சொல்வதும்தான். டெலோஸ் கல்வெட்டின் விதிகள் எல்லாமே 'செய்யாதே' விதிகளாக இருப்பதும் இந்த உறவோடு பொருந்துகிறது.

நம்முடையது கருங்கல் பூமி. விரிசல்களில் மட்டுமே நீர் தங்கும் கடினப் பாறை. பெய்த மழையை மண்கரை எழுப்பி மறித்தால்தான் தண்ணீர். ஏரி தானாக வராது. ஊர் கூடி உண்டாக்கியது. ஆண்டுதோறும் வண்டல் எடுக்க வேண்டும், கரையை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும், மதகைத் திறந்து மூட ஆள் வேண்டும். தமிழில் நீர்க்கட்டி என்றும் கன்னடத்தில் நீருகண்டி என்றும் அழைக்கப்பட்டவர் அந்த ஆள். ஆகவே நம் நீர்மகள் ஊற்றுக்கண்ணில் பிறந்தவள் அல்லள். கரையைக் காக்க அமர்ந்தவள். அவளுக்கு முன் நிற்கும் விதிகள் 'செய்' விதிகள்.

எல்லைக்கு அப்பால் பாடப்படும் கன்னடக் கதைப்பாடல் 'கெரெகே ஹார' இதை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. ஊர்க்கவுடர் ஏரி வெட்டுகிறார், நீர் வரவில்லை. இளைய மருமகள் பாகீரதியை ஏரிக்குக் கொடுக்கிறார்கள், நீர் பெருகுகிறது. செய்தி கேட்டு ஓடிவந்த கணவனும் அதிலேயே விழுகிறான். கிரேக்கத்தில் தெய்வப்பெண் நீராகக் கரைகிறாள்; தக்காணத்தில் மனிதப்பெண் நீருக்குள் போய்த் தெய்வமாகிறாள். ஏரியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மறக்கவிடாத நினைவு அது. அந்த விலையைப் பெண்ணின் தலையில் கட்டிய சமூகத்தின் மேலான குற்றச்சாட்டாகவும் அதை நான் படிக்கிறேன்.

சடங்குகளும் இதே திசையில் நிற்கின்றன. ஆடிப்பெருக்கில் பெண்ணையாற்றங்கரையில் காதோலை, கருகமணி, காப்பரிசி வைத்துப் படைக்கிறார்கள். கர்நாடகத்தில் நீர்நிலை நிரம்பினால் முறத்தில் வளையலும் மஞ்சளும் தானியமும் வைத்து பாகினம் விடுகிறார்கள். ஏரி கோடி போனால் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் ஊர்கள் நம் பக்கம் உண்டு. நிரம்பிய பிறகே கொண்டாட்டம். ஏனென்றால் நிரம்புவது உறுதியில்லை.

நுரைக்கு நடுவே

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் புறநகரைக் கடந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீரும் இதே ஆற்றில்தான் சேர்கிறது. கெலவரப்பள்ளியின் மதகைத் திறக்கும்போது வெள்ளை நுரை மலைபோல எழுவது பல ஆண்டுகளாக வரும் செய்தி. அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணை, ஆற்றின் பெயரையே தாங்கிய பெண்ணேஸ்வரமடம், காவேரிப்பட்டணத்தின் வயல்கள்.

1970களிலிருந்து ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது, வேலை வந்தது, ஊர் மாநகராட்சி ஆனது. அந்த வளர்ச்சி பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குடிநீர் குழாயிலும் லாரியிலும் வரத் தொடங்கியதும் ஏரிக்கும் ஊருக்கும் இருந்த 'செய்' உறவு அறுந்தது. கன்னிமார் கல்லுக்குக் கூரை போட்டு ஓடு பதித்து விளக்கும் எரிகிறது. வரத்துக் கால்வாயில் கட்டடம் நிற்கிறது. தெய்வத்துக்கு மரியாதை கூடியது, தண்ணீருக்குக் குறைந்தது. தெய்வமும் நீரும் வேறல்ல என்ற அறிவு இங்கே கைநழுவியிருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இப்போது தேவைப்படும் ஆய்வு இதுதான். ஏரி ஏரியாகப் போய், கரையில் உள்ள தெய்வத்தின் பெயர் மூன்று மொழியிலும் என்ன, பூசை எந்த மாதம், எந்தச் சமூகத்துக்கு என்ன பங்கு, ஏரியின் கதை என்ன, வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, இப்போது திறந்திருக்கிறதா என்று ஒரே படிவத்தில் பதிய வேண்டும். நடுகற்களைத் தேடித்தேடிப் பதிவு செய்த இந்த மாவட்டத்து ஆர்வலர்களால் இது முடியும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் செய்யலாம். மூத்த பெண்களிடம் கேட்க வேண்டும். அவர்களுக்குத்தான் பாட்டும் படையலும் தெரியும்.

டெலோஸில் புனிதமும் தண்டமும் ஒரே ஊற்றைக் காத்தன. நம்மிடம் பக்தி ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியின் எல்லை அளவு வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டால், ஆடி மாதம் பொங்கல் வைக்க வரும் ஊர் அந்தக் கால்வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் ஊராகவும் மாற வழி பிறக்கும். கன்னிமாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் முதல் தவணை அந்தப் பதிவுதான்.