மீசைக்கார அம்மாவின் வகுப்பறை

வாத்தியார்களுக்கென்று எழுதப்பட்ட புத்தகங்களில் பாதிக்கு மேல் உபதேசம்தான். ஜிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' அப்படியில்லை. அதில் வருகிற வாத்தியார் முதல் நாளே தோற்றுப்போகிறார். 1930-களின் தொடக்கத்தில் குஜராத்தியில் 'திவாஸ்வப்னா' என்று வந்த இந்தச் சின்னப் புத்தகத்தை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் கொண்டுவந்தது. பி.எட். படிக்கிறவர்கள் கையில்தான் அதிகம் பார்க்கலாம். இலக்கிய வாசகர்களும் படிக்க வேண்டிய புத்தகம் என்பது என் கட்சி.

ஜிஜுபாய் 1885-ல் பிறந்தவர். தொழில் வக்கீல். 1913-ல் மகன் பிறந்தபிறகு, இவனை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்ற கவலையில் மாண்டிசோரியைப் படிக்க ஆரம்பித்தார். 1916-ல் பாவ்நகர் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-ல் அங்கேயே பால மந்திர் தொடங்கினார். பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்ட இந்த மனிதரை 'மீசைக்கார அம்மா' என்றே அழைத்தார்கள். 1939-ல் இறந்துபோனார்.

கதை எளிமையானது. லட்சுமிராம் என்பவர் கல்வி அதிகாரியிடம் போய், பரிசோதனை செய்ய எனக்கு ஒரு வகுப்பு கொடுங்கள் என்கிறார். நாலாம் வகுப்பு கிடைக்கிறது, ஒரு வருஷத்துக்கு. மனசுக்குள் பிரமாதமான திட்டம். அமைதி விளையாட்டு என்று ஆரம்பிக்கிறார். பயல்கள் கூச்சல் போட்டு அதைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசிக்கிறார். அப்புறம்தான் கதை சொல்லத் தொடங்குகிறார். கதைக்காக அமைதி வருகிறது, வாசிக்கும் ஆசை வருகிறது, வகுப்பிலேயே ஒரு நூலகம் வருகிறது. இலக்கணம்கூட விளையாட்டாகிறது. கதை சொல்லியே காலத்தை ஓட்டுகிறார் என்று தலைமையாசிரியர் முணுமுணுக்கிறார்.

இந்தப் புத்தகத்தை மார்க்கையன்கோட்டையில் இருந்து படித்தால் சில இடங்களில் கால் தடுக்கும். லட்சுமிராம் பிள்ளைகளின் நகம், தலைமுடி, துணி எல்லாவற்றையும் பார்க்கிறார். பெற்றோரின் அலட்சியம் கண்டு நொந்துபோகிறார். கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ அம்மாக்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். நடவு, களையெடுப்பு நாட்களில் வயலுக்குப் போகிறவர்களும் அப்படியே. பிள்ளைக்குத் தலை வாரிவிடக் கையில்லாத வீட்டைப் பார்த்து அலட்சியம் என்று சொல்லிவிட முடியுமா? ஏன் இப்படி வருகிறான் என்று அந்தப் பக்கங்கள் கேட்கவே இல்லை. வக்கீல் வீட்டுக் கண் அது. புத்தகத்தின் பலவீனமான பகுதி என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொன்று, லட்சுமிராமுக்கு ஒரே ஒரு வகுப்புதான். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர்கள். அதாவது 5 வகுப்புக்கு 2 பேர். ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுத்த பெஞ்சில் வேறொரு வகுப்பு உட்கார்ந்திருக்கும். "அவருக்கென்ன சார், ஒரு வகுப்பு, ஒரு வருஷம்" என்று நம் ஊர் டீச்சர் ஒருவர் சொன்னால் அது சோம்பேறித்தனம் இல்லை, நியாயமான விமர்சனம்.

அப்படியானால் எதற்கு இந்தப் புத்தகம்? இங்கேதான் நான் முரண்படுகிறேன். பாராட்டுகிறவர்கள் கதை, விளையாட்டு, நூலகம் என்று உத்திகளைப் பட்டியல் போடுகிறார்கள். உத்திகளைப் பரப்பிவிடலாம். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அட்டை, பாட்டு, பொம்மை எல்லாம் வகுப்புக்குள் வந்துவிட்டன. நல்ல காரியம்தான். ஆனால் லட்சுமிராமிடம் இருந்த முக்கியமான பொருள் அட்டைப்பெட்டியில் வராது. இன்றைக்குப் போட்ட திட்டம் சரிப்படவில்லை, நாளைக்கு வேறு செய்கிறேன் என்று சொல்லும் உரிமை அது. அதை அவருக்குக் கொடுத்தவர் அந்த அதிகாரி. அவருக்கும் சந்தேகம் இருந்தது. இருந்தும் ஒரு வருஷம் பொறுத்திருந்தார். என் வாசிப்பில் புத்தகத்தின் மறைமுக நாயகன் அவர்தான்.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எண்ணக்கூடியதை மட்டும்தான் எங்கள் டாஷ்போர்டுகள் காட்டும். ஆசிரியர்கள் இன்று வருகைப்பதிவையும் தேர்வு விவரத்தையும் செயலியில் ஏற்றுகிறார்கள். லட்சுமிராமின் முதல் நாளை அதில் ஏற்றியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? 'பாடம் நடக்கவில்லை' என்று ஒரு சிவப்புக் கட்டம். கதை சொல்லிக்கொண்டிருந்த அடுத்த நாட்களிலும் அதே சிவப்புதான். அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பாமல் இருக்கும் அதிகாரி எத்தனை பேர்?

ஆகவே இதை வாத்தியார்களுக்கு மட்டும் பரிசளிக்காதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். மகன் மார்க்கை மட்டும் கேட்கிற அப்பாவிடம் கொடுங்கள். நல்ல வாத்தியார்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் தோற்றுப்போகவும் நாம் இடம் விட வேண்டியிருக்கிறது.