மூடிக்குள் மறையும் கியர்பாக்ஸ்

லெகோ நிறுவனம் தன் டெக்னிக் வரிசையில் 2016-இல் வெளியிட்ட போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் காருக்கு 2,704 துண்டுகள். 2018-இல் வந்த புகாட்டி ஷிரோனுக்கு 3,599. பிறகு லம்போர்கினி சியான், ஃபெராரி டேடோனா எஸ்பி3 என்று எண்ணிக்கை ஏறி, 2024-இல் மெக்லாரன் பி1 காருக்கு 3,893 ஆனது. எல்லாமே அசல் வண்டியில் எட்டில் ஒரு பங்கு. பெரியவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து கோர்க்கிற இந்தக் கார்களில், கட்டும் வேலை உயர்ந்தது. கட்டி முடித்த பொருள் அந்த வேலைக்கு ஈடாக நிற்பதில்லை. இது என் தீர்ப்பு. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் உயர்வு. ஷிரோனைக் கட்டுகிறவர் வெளித் தோற்றத்தில் தொடங்குவதில்லை. டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், அப்புறம் பதினாறு பிஸ்டன் கொண்ட எஞ்சின் என்று உள்ளிருந்து வளர்க்கிறார். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் ஏன் வேகமாகச் சுற்ற வேண்டும், ஒரே தண்டில் பூட்டினால் என்ன ஆகும் என்பதைப் பாடப்புத்தகப் படம் எத்தனை முறை காட்டினாலும் மனதில் தங்காது. மூன்று சின்னப் பல்சக்கரங்களை டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் பொருத்தி, ஒரு பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக வளர்ந்து, ஓரிடத்தில் இரண்டையும் இணைக்கும் கட்டம் வரும். வண்டித் தொழிற்சாலைகளில் உடற்கூட்டையும் எஞ்சினையும் சேர்க்கும் அந்த வேலைக்குக் கல்யாணம் என்றே பெயர். அந்த வரிசையை மாதிரியிலும் விட்டுவிடாமல் வைத்தது, கட்டுகிறவரின் அறிவை மதித்துச் செய்த காரியம்.

இனிக் குறை. அசல் காரில் விசை எஞ்சினில் பிறந்து, கியர்பாக்ஸ் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. மாதிரியில் தலைகீழ்: நாம் வண்டியைத் தள்ளுகிறோம், சக்கரம் கியரைச் சுற்றுகிறது, கியர் பிஸ்டனை ஆட்டுகிறது. பேட்டரி இறங்கிய காரை முதல் கியரில் போட்டுத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அது எப்படி முரண்டு பிடிக்கும் என்று தெரியும். இங்கும் அதேதான். முதல் கியரில் எஞ்சின் மிக வேகமாகச் சுற்றியாக வேண்டும், அதனால் தள்ளுவதும் அப்போதுதான் கடினம். பேரிங் கிடையாது, பிளாஸ்டிக் தண்டு பிளாஸ்டிக் துளையில் உரசுகிறது. ஷிரோனின் எட்டு கியருக்காகப் பல்சக்கரங்களை அடுக்க அடுக்க உராய்வும் சேர்ந்துகொண்டே போகிறது. எட்டு கியர் என்று பெட்டியில் போட்டால் பெருமைதான். நான்கே கியரோடு லகுவாக ஓடும் வண்டி அதைவிட நல்ல இயந்திரம்.

போர்ஷேவின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. செய்முறைப் புத்தகத்தில் உள்ளபடியே கட்டினால் அதன் நான்கு கியர்களும் ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்ற வரிசையில் விழுகின்றன. சில பல்சக்கரங்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும். ஆர்வலர்கள் அந்த வழியைக் கண்டுபிடித்துப் பரப்பினார்கள். பிழை யாருக்கும் நேரும். ஆனால் உடலை மூடிய பிறகு கியர்பாக்ஸ் கண்ணில் படுவதே இல்லை. முதல் கியரா, மூன்றாம் கியரா என்று வெளியிலிருந்து ஒருவரும் சொல்ல முடியாது. காணவே முடியாத இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்பது யார் கண்ணையும் உறுத்தாது.

அப்படி மூடிக் கிடைக்கும் உருவ ஒற்றுமையாவது முழுமையா? டெக்னிக் துண்டுகளில் துளைக்குத் துளை 8 மில்லிமீட்டர். எட்டில் ஒரு பங்கு அளவில் அது அசல் காரின் 64 மில்லிமீட்டருக்குச் சமம். அதாவது இந்த மாதிரி பேசும் மொழியில் மிகச் சிறிய எழுத்தே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர்! போர்ஷே 911-இன் முதுகு கூரையிலிருந்து பின்பம்பர் வரை ஒரே வழுக்கலில் இறங்கும் கோடு. அதை வளைந்த பலகைகளால் ஒட்டுப்போட்டால் இடைவெளிகள் பல்லிளிக்கின்றன. வெட்டுமுகங்களும் கூர்விளிம்புகளும் கொண்ட லம்போர்கினி சியானோ இந்தத் துண்டுகளுக்கென்றே வரைந்தது போலப் பொருந்துகிறது. எந்தக் காரைத் தேர்ந்தோம் என்பதிலேயே பாதி வெற்றி முடிந்துவிடுகிறது.

1994-இல் இதே நிறுவனம் 8880 என்ற எண்ணில் ஒரு சூப்பர் கார் வெளியிட்டது. எந்தக் கம்பெனியின் பெயரும் அதற்கு இல்லை. துண்டுகள் 1,343 மட்டுமே. நான்கு சக்கரத்துக்கும் இழுவை, நான்கு சக்கரமும் திரும்பும் ஸ்டியரிங், தனித்தனி சஸ்பென்ஷன், நான்கு கியர், வி8 எஞ்சின் எல்லாம் உண்டு. உடல் என்று பார்த்தால் எலும்புக்கூடுதான். உள்ளே நடப்பது வெளியே தெரியும். எதைப்போல இருக்கிறது என்ற கேள்வியே அதற்கு எழவில்லை. எப்படி ஓடுகிறது என்ற கேள்விக்கு முழுப் பதிலும் இருந்தது. பிந்தைய கார்களில் துண்டுகள் மும்மடங்கை நெருங்குகின்றன. கூடிய துண்டுகளில் பெரும்பங்கு தோலுக்கே போகிறது. ஷிரோனிலும் மெக்லாரனிலும் உழைத்த வடிவமைப்பாளர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இத்தனை நெருக்கத்துக்குள் கியர்பாக்ஸை அடக்குவது பெரிய கலை. அந்தக் கலையை ஒளித்துவைக்கும்படி உரிமம் தந்த காரின் வடிவம் அவர்களைக் கட்டாயப்படுத்துகிறது, அதுதான் என் வருத்தம்.

இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்தால் ஒன்று செய்யுங்கள். சேஸிஸ் முடிந்ததும் உடல் பலகைகள் உள்ள பைகளைப் பிரிக்காமல் ஒரு வாரம் எடுத்து வைத்துவிடுங்கள். கியரை மாற்றி மாற்றித் தள்ளிப் பாருங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் தள்ளச் சொல்லுங்கள், எந்தப் பல் எதைச் சுற்றுகிறது என்று அவர்களையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பலகைகளை அப்புறம் பூட்டிக்கொள்ளலாம்.