வாடகை விளம்பரமும் பட்சபாதமும்

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் போதிக்கும்போது, செல்வர் ஏழை என்னும் வேறுபாட்டையே நாம் பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். அப்பகுதியைக் கூர்ந்து நோக்குவோர்க்கு வேறொன்றும் புலப்படும். அங்கே ஏழையை எவரும் வெளியே தள்ளவில்லை, கதவும் அடைக்கப்படவில்லை. ஒருவருக்கு நல்ல இடமும் மற்றவருக்குத் தாழ்ந்த இடமும் வாயினால் காட்டப்படுகின்றன, அவ்வளவே. சொல்லின் அளவிலேயே குற்றம் நிறைவேறிவிட்டதாக நிருப ஆசிரியர் கருதுகிறார். இவ்வுண்மையை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியிருப்புச் சட்டம் ஒன்று நம் அருளுரைகளைவிடத் தெளிவாகக் கண்டிருக்கிறது என்பது நம் கருத்து.

மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, குடியரசுத் தலைவர் ஜான்சன் இச்சட்டத்தில் கையொப்பமிட்டார். வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றை முன்னிட்டு வேற்றுமை பாராட்டுவதை அது தடுத்தது. 1974-இல் பாலும், 1988-இல் உடற்குறையும், பிள்ளைகளோடு வாழும் குடும்ப நிலையும் சேர்க்கப்பட்டன. நாம் கருதுவது 804-ஆம் பிரிவிலுள்ள ஒரு சிறு உட்பிரிவை. இத்தகைய விருப்பையோ வெறுப்பையோ காட்டும் விளம்பரத்தை எழுதுவதும் அச்சிடுவதும் குற்றம் என்கிறது அது.

இதில் வியப்புக்குரிய ஒன்றுண்டு. நான்கு குடும்பங்களுக்கு மேற்படாத கட்டடத்தில் தாமும் ஒரு பகுதியில் குடியிருக்கும் உரிமையாளருக்கு, சட்டத்தின் மற்றத் தடைகளிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. விளம்பரத் தடையிலிருந்து மட்டும் விலக்கில்லை. (நிறபேதத்தைப் பொறுத்தவரை 1866-ஆம் ஆண்டுச் சட்டம் அவரை வேறு வகையில் தடுக்கும் என்பது தனிச் செய்தி.) அதாவது, செயலுக்கு இடங்கொடுத்த இடத்திலும் சொல்லுக்கு இடங்கொடுக்கவில்லை. மேரிலாந்தில் ஒரு சிறிய வார இதழ், நிலவறைப் பகுதி ஒன்று வெள்ளையர் வீட்டில் வாடகைக்கு உண்டு என்று விளம்பரம் வெளியிட்டது. பத்திரிகைச் சுதந்தரத்தை அதன் வெளியீட்டாளர் எடுத்துக்காட்டினார். 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சாதாரண வாசகர் அச்சொல்லை எவ்வாறு கொள்வார் என்பதே அங்கு அளவுகோலாயிற்று.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். உள்ளத்திலுள்ளதை மறைத்து வெளியே நல்லவராய்த் தோன்றும் மாய்மாலத்தை அன்றோ இது வளர்க்கும்? விளம்பரத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால், ஒருவர் வீணே நடந்துசென்று வாசலில் அவமானப்பட வேண்டியதில்லையே! இத்தடையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் வாசலில் சொல்லப்படும் மறுப்பு ஒருவரையே புண்படுத்துகிறது. அச்சிட்ட வரியோ, வீடு தேடாதவரையும், எழுத்துக் கூட்டி வாசிக்கும் சிறுவனையும் எட்டுகிறது. எந்தத் தெரு யாருக்குரியதன்று என்பதை ஊருக்கே கற்பிக்கிறது. பாவம் அங்கே வழக்கமாகிவிடுகிறது. யாக்கோபு கண்ட சபையிலும் அச்சொல்லை ஏழை மட்டும் கேட்கவில்லை.

எனினும் சட்டத்தைக் கைக்கொள்ளும் முறையில் பரிசேயத்தனமும் புகுந்தது. விலக்க வேண்டிய சொற்களுக்குப் பட்டியல்கள் எழுந்தன. நடந்து செல்லும் தொலைவு என்று எழுதினால் நடக்க இயலாதவரை விலக்கியதாகுமோ என்று அஞ்சினர்! 1995-இல் வீட்டு வசதித் துறை விளக்கமளித்து அவ்வச்சத்தைப் போக்க வேண்டியதாயிற்று. ஒற்தலாமுக்கும் வெந்தயத்துக்கும் கணக்குப் பார்ப்பவர் பெரியவற்றைத் தவறவிடுவர். நியூயார்க் டைம்ஸ் இதழின் வீட்டு விளம்பரப் படங்களில் குடியிருப்போராக வெள்ளையரே தோன்றினர் என்று வழக்குத் தொடரப்பட்டபோது, சொல்லின்றிப் படமும் வேற்றுமை பேசக்கூடும் என்பதை 1991-இல் நீதிமன்றம் ஏற்று, வழக்கை நடத்த இடமளித்தது. 2019-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின்மேல் அதே துறை சாட்டிய குற்றம் இன்னும் நுட்பமானது: சிலருடைய கண்ணுக்கு விளம்பரமே எட்டாமற் செய்யும் வசதி அங்கே இருந்தது.

சமயத்தைக் குறித்த விதி நம்மை நேரே தொடுகிறது. 1995-ஆம் ஆண்டு விளக்கத்தின்படி, சிற்றாலயமுள்ள குடியிருப்பு என்று விளம்பரத்தில் எழுதலாம். கிறிஸ்தவ இல்லம் என்று விருப்பங்காட்டி எழுதலாகாது. சமய நிறுவனம் வணிக நோக்கமின்றி நடத்தும் வீடுகளைத் தன் சமயத்தாருக்கே ஒதுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அச்சமயத்தின் உறுப்பினராவதற்கு இனமோ நிறமோ பூர்வீக நாடோ தடையாயிருத்தல் கூடாது. இனம் என்ற இடத்தில் சாதியை வைத்து இதை வாசித்துப் பாருங்கள். சபையில் சாதி கூடாதென்று கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் கடிதம் விடுத்தது 1833-இல். அதை ஏற்காது விலகினோரின் கதையைத் திருச்சபை வரலாற்றில் நம் மாணவர் படிக்கின்றனர்.

நம் நாட்டில் வாடகை விளம்பரத்தைக் குறித்து இத்தகைய பொதுச் சட்டம் இல்லை. ஆகவே சைவ உணவினர்க்கு மட்டும் என்னும் பலகையை நாம் தெருவில் கண்டு வருந்துகிறோம்; அதில் நியாயமுமுண்டு. ஆனால் நாம் ஆயராயிருந்த ஒரு சபையில், ஆலயத்துக்குச் சொந்தமான மாடி வீட்டை ஊர் நடப்பு வாடகைக்கு விட்டபோது, கிறிஸ்தவக் குடும்பத்தார்க்கு மட்டும் என்ற அறிவிப்பில் நாமே கையொப்பமிட்டோம். முதலில் வந்ததும் ஒரு கிறிஸ்தவக் குடும்பமே. பூர்வீகம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கமிட்டியார் வினவினர். வீடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அறிவிப்பில் சாதி என்ற சொல்லே இல்லை. மேற்சொன்ன நிபந்தனைகளில் வணிகத்தைப் பற்றியதிலும் நாம் தவறினோம், உறுப்பினரைப் பற்றியதன் கருத்திலும் தவறினோம். அந்தத் தாள் ஆலய வாசற்பலகையில் பின்னும் மூன்று ஞாயிறுகள் இருந்தது.